தாங்கியில் தண்ணீர் மெல்லக் குறைகிறது: கணினி வோட்டர் கூலிங் கேள்வி பதில், திருகோணமலை வீடுகளுக்கு

இந்தப் பதில்கள் தாங்கி, பம்ப், ரேடியேட்டர், பிளாக் (சூடாகும் சிப்பின்மேல் உட்காரும், உள்ளே தண்ணீர் ஓடும் கட்டி) எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கிப் பூட்டிய லூப்புக்கானவை, அதாவது கூலன்ட் என்னும் குளிர்விக்கும் நீர் சுற்றிவரும் பாதைக்கானவை. முழுதாக மூடி வரும் ஏ.ஐ.ஓ. வகைக்குத் தனியாக ஒரு கேள்வி கீழே இருக்கிறது. கணக்குப் போடும் இடங்களில் 1 லீற்றர் கூலன்ட் கொள்ளும் லூப், உள்விட்டம் 50 மி.மீ. உள்ள உருளைத் தாங்கி என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

தாங்கியில் மட்டம் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. நான்கு காரணங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றுதான் ஒழுக்கு. புதிதாக நிரப்பிய லூப்பில் ரேடியேட்டருக்குள்ளும் பிளாக்கின் நுண்ணிய வாய்க்கால்களிலும் ஒட்டியிருந்த காற்று, நாட்கள் போகப்போகத் தாங்கிக்கு வந்து சேரும். வந்த காற்றின் அளவுக்கு மட்டம் இறங்கும். இரண்டாவது, சூட்டில் விரிந்திருந்த தண்ணீர் ஆறியதும் சுருங்குவது. மூன்றாவது, ரியூப்பின் சுவர் வழியாகவே நீராவி வெளியேறுவது. வெளியே ஒரு சொட்டுக்கூடக் காட்டாமல் மாதக்கணக்கில் இது நடக்கும். இந்த மூன்றும் இல்லையென்று உறுதியான பிறகு மிஞ்சுவதுதான் கசிவு.

வரிசை முக்கியம். மட்டம் குறைந்ததைக் கண்டவுடன் எல்லா ஃபிட்டிங்குகளையும் (ரியூப்பைப் பாகங்களோடு பூட்டும் இணைப்புகளை) ஒரு சுற்று இறுக்குகிறவர்கள், இல்லாத கசிவை உண்டாக்கிவிடுகிறார்கள்.

சரியாக அளப்பது எப்படி?

தாங்கியில் மாஸ்கிங் டேப் ஒட்டி, மட்டத்தில் பேனையால் கோடு கீறி, திகதியைப் பக்கத்தில் எழுதுங்கள். 50 மி.மீ. உள்விட்டத்தில் 1 மி.மீ. இறக்கம் என்பது ஏறக்குறைய 2 மி.லீ. நீர்.

கோட்டை எப்போதும் ஒரே நிலையில் பாருங்கள்: விடியற்காலை, கணினி இரவு முழுக்க நின்றபின், பம்ப் ஓடாதபோது. தண்ணீர் 30 பாகையிலிருந்து 45 பாகைக்குச் சூடானால் அதன் கனவளவு அரை சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும். 1 லீற்றருக்கு 5 மி.லீ.க்குக் கொஞ்சம் அதிகம். தாங்கியில் 2 முதல் 3 மி.மீ. இரவு விளையாடி முடித்த கையோடு கோடு கீறிவிட்டு விடிய எழுந்து பார்த்தால் "ஒரே இரவில் 5 மி.லீ. போய்விட்டது" என்றுதான் தோன்றும். ஒன்றும் போகவில்லை, ஆறியிருக்கிறது.

இதைவிட நம்பகமான முறை சிரிஞ்ச். பார்மசியில் 20 மி.லீ. சிரிஞ்ச் ஒன்று வாங்கி, மட்டத்தைப் பழைய கோட்டுக்குக் கொண்டுவர எத்தனை மி.லீ. தேவைப்பட்டது என்று ஒவ்வொரு தடவையும் எழுதி வையுங்கள். மூன்று மாதக் குறிப்பு கையில் இருந்தால் பாதிக் கேள்விகளுக்கு அதுவே விடை சொல்லும்.

எவ்வளவு குறைந்தால் கவலைப்பட வேண்டும்?

நிரப்பிய முதல் இரண்டு வாரத்தைக் கணக்கிலே சேர்க்காதீர்கள். பெட்டியை முன்னும் பின்னும் சரித்துக் காற்றை வெளியேற்றியிருந்தாலும் மிச்சம் இருக்கும்.

அதற்குப் பிறகு அளவைவிட வேகத்தின் போக்கைப் பாருங்கள். மாதம் மாதம் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்து, வெயில் காலத்தில் கொஞ்சம் கூடி, மழைக்குக் கொஞ்சம் குறைந்தால் அது ஆவி. திடீரென்று ஒரு வாரத்தில் வேகம் கூடினால், அல்லது ஏதாவது பாகத்தைக் கழற்றிப் பூட்டிய பிறகு குறையத் தொடங்கினால் அது கசிவு. உள்ளே ஒட்டியிருந்த காற்று வெளியேறி முடிந்த லூப்பில் வாரம் 10 மி.லீ.க்கு மேல் போனால், போக்கு எப்படியிருந்தாலும் தேடத் தொடங்குங்கள்.

இன்னொரு குறி: கணினி நன்றாக ஆறியிருக்கும்போது நிரப்பு மூடியை மெல்லத் தளர்த்துங்கள். காற்று "ஸ்ஸ்" என்று உள்ளே இழுபட்டால் லூப் காற்றுப்புகாமல் இருக்கிறது, தண்ணீர் ஆவியாகத்தான் போயிருக்கிறது என்று எண்ண இடமுண்டு. மூடியைச் சூட்டோடு மூடியிருந்தாலும் இதே சத்தம் வரும். ஆகவே இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

கச்சான் காலத்தில் மட்டும் ஏன் கூடக் குறைகிறது?

திருகோணமலையில் லூப் வைத்திருப்பவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். வைகாசி தொடங்கி ஆவணி வரை அடிக்கும் கச்சான், மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இங்கு இறங்கும் வரண்ட சுடுகாற்று. ரியூப் சுவர் வழியாக நீராவியைத் தள்ளுவது உள்ளே உள்ள ஆவியமுக்கத்துக்கும் வெளியே உள்ளதற்கும் இடையிலான வேறுபாடு. கச்சான் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது: அறையைச் சூடாக்கி லூப் நீரையும் சூடாக்குகிறது, வெளிக்காற்றின் ஈரத்தையும் குறைக்கிறது.

ஓர் உதாரணக் கணக்கு. கச்சான் பின்னேரம் அறை 35 பாகை, ஈரப்பதன் 50 சதவீதம், பாரமான விளையாட்டில் லூப் நீர் 50 பாகை. ரியூப்புக்கு உள்ளே ஆவியமுக்கம் 12.3 கிலோபஸ்கால், வெளியே 2.8. வேறுபாடு 9.5. இதே கணினி மார்கழி வாடை மழையில்: அறை 26 பாகை, ஈரப்பதன் 85 சதவீதம், லூப் நீர் 38 பாகை. உள்ளே 6.6, வெளியே 2.9 அளவில். வேறுபாடு 3.8 கூட இல்லை. அதே ரியூப், அதே நீளம். இழப்பு இரண்டரை மடங்கு. போதாததற்குச் சூட்டில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஆவியை இன்னும் இலகுவாக விடும்.

ஆகவே ஆடியில் எடுத்த அளவை மார்கழியில் எடுத்த அளவோடு ஒப்பிடாதீர்கள். போன ஆடியோடு ஒப்பிடுங்கள். மார்கழியில் கூடுதலாகக் குறைந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அந்தக் காலத்தில் ஆவியின்மேல் பழிபோட முடியாது.

கூடவே, 50 பாகை என்பதே எல்லைக்குப் பக்கம். டி5 வகைப் பம்புகளுக்கும் பி.இ.டி.ஜி. கடினக் குழாய்க்கும் 60 பாகைதான் வழக்கமான உச்சவரம்பு. கச்சான் மாதங்களில் ரேடியேட்டர் விசிறியின் வேகத்தை அறை வெப்பநிலைக்கு ஏற்பக் கூட்டினால் இழப்பும் குறையும், பம்பும் தப்பும்.

எந்த ரியூப் அதிகம் இழக்கும்?

சிலிக்கோன் ரியூப் எல்லாவற்றிலும் மோசம். வளைக்கச் சுகம் என்பதற்காக மீன்தொட்டிக் குழாயை வாங்கிப் பூட்டியவர்கள் கோடு இறங்குவதைக் கண்ணால் பார்ப்பார்கள். தெளிந்த பி.வி.சி. நடுத்தரம். அது தன் மென்மையாக்கியை நீரில் விட்டு, பிளாக்கின் வாய்க்கால்களில் வெள்ளைப் பசையாகப் படிய விடும் என்பது வேறு தொல்லை. கறுப்பு ஈ.பி.டி.எம். ரப்பர் மென்குழாய்களில் சிறந்தது. அக்ரிலிக், பி.இ.டி.ஜி. குழாய்களில் இழப்பு மிகச் சொற்பம். உலோகக் குழாயில் இல்லையென்றே சொல்லலாம்.

எது பூட்டியிருந்தாலும் நீளத்தைக் குறைத்தால் இழப்பும் அதே விகிதத்தில் குறையும்.

சரி, கசிவுதான் என்று சந்தேகம். எங்கே தேடுவது?

மெதுவான கசிவு சொட்டாக விழாது. ஃபிட்டிங்கின் விளிம்பில் மெல்லிய படலமாக வந்து, சூட்டிலும் விசிறிக் காற்றிலும் காய்ந்துவிடும். எனவே ஈரத்தைத் தேடாமல் அது விட்டுப்போன தடத்தைத் தேடுங்கள். கிளைக்கோல் கலந்த கூலன்ட் ஒட்டும் பசையாக நிற்கும். விரலால் தொட்டால் தெரியும். நிறமூட்டியது நிறமான பொருக்காக நிற்கும். யூவி சாயம் கலந்தது, அறையை இருட்டாக்கி யூவி ரோச் அடித்தால் ஒளிரும். ஃபிட்டிங்கின் அடியில் பச்சை நீலப் பூ பூத்திருந்தால், முலாம் போய்ப் பித்தளை அரிக்கிறது, அங்கே நெடுநாளாக ஈரம் இருந்திருக்கிறது. சாயமில்லாத வெறும் வடிநீர் (காய்ச்சி வடித்த தண்ணீர்) மட்டும் ஓடும் லூப்பில் தடம் எதுவும் இராது. அங்கே டிசுக் கடதாசிதான் வழி.

டிசுவை ஒரு விரல் அகல நாடாவாகக் கிழித்து ஒவ்வொரு ஃபிட்டிங்கின் கீழ்ப்பக்கமும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். விசிறிக்குள் இழுபடாமல் நுனியைச் செருகிவிடுங்கள். கணினியை முழுப் பாரத்தில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், பிறகு நிறுத்தி ஆறவிட்டு மறுநாள் பாருங்கள். ஆறும்போது பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்: சூட்டில் விரிந்து இறுக்கமாக இருக்கும் ஓ வளையம் (ஃபிட்டிங்கில் தண்ணீரை மறிக்கும் ரப்பர் வளையம்), குளிரும்போதுதான் சிலவேளை இடைவெளி விடும். நனைந்த கடதாசி காய்ந்தாலும் சுருக்கம் காட்டிக்கொடுக்கும்.

முதலில் பார்க்க வேண்டிய இடம் சுழலும் ஃபிட்டிங். அதற்குள் கூடுதலாக ஒரு ஓ வளையம் சுழற்சி மூட்டில் இருக்கிறது. ரியூப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டிருந்தால் அந்த மூட்டு வியர்க்கும். அடுத்தது கிராஃபிக் கார்ட் பிளாக்கில் ஃபிட்டிங்குகள் பூட்டும் முனைப்பெட்டி. கார்ட் தொங்கினால் அங்கே பாரம் ஏறும். பிறகு தாங்கியின் அடிப்பக்க வளையம், பம்ப் தலையின் பெரிய வளையம். வடிகால் வால்வும், யாரும் நினைத்துப் பார்க்காத அடைப்பு மூடிகளும் கடைசியில்.

காற்றழுத்தப் பரிசோதனை செய்யக் கருவி கொழும்பிலிருந்துதான் எடுக்க வேண்டுமா?

மானியோடு கூடிய கைப்பம்ப் விற்கிறார்கள், வாங்கினால் நல்லது. அவசரத்துக்கு இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி போதும். அதன் ரப்பர் குமிழும் வட்ட மானியும் 300 மி.மீ. பாதரசம் வரை காட்டும். அது சரியாக 0.4 பார். டி5 பம்ப் தள்ளக்கூடிய உச்ச உயரம் ஏறக்குறைய 4 மீற்றர், அதுவும் 0.4 பார் அளவுதான். வேண்டிய அளவுக்கு வேண்டிய கருவி.

சைக்கிள் பம்பை மானியில்லாமல் பூட்டவே வேண்டாம். டயருக்கு அடிக்கும் அழுத்தத்தில் அக்ரிலிக் தாங்கி வெடித்துவிடும்.

செய்முறை: மின்சாரத்தை நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். லூப்பை முழுதாக வடியுங்கள். குமிழின் குழாயைத் தனியே கிள்ளிப் பிடித்து அழுத்தம் ஏற்றிப் பாருங்கள். குமிழின் வால்வே காற்று விட்டால் சோதனைக்கு அர்த்தமில்லை. பிறகு தாங்கியின் மேல்துளையில் முள் ஃபிட்டிங் (குழாய் வழுக்காமல் பிடிக்கும் வரிகள் உள்ளது) ஒன்றைப் பூட்டி, குழாயைச் செருகிக் கிளிப் போடுங்கள். தாங்கியின் உற்பத்தியாளர் குறிப்பிட்ட வரம்பைப் பார்த்துவிட்டு 0.4 பாருக்கு ஏற்றி, 30 நிமிடம் விடுங்கள். ஏற்றிய முதல் இரண்டு நிமிடத்தில் மென்குழாய் விரிந்து மானியின் முள் கொஞ்சம் இறங்கும். அதைத் திரும்ப ஏற்றிவிட்டு நேரம் பிடியுங்கள்.

அறை வெப்பநிலை மாறக்கூடாது. 1 பாகை குறைந்தால் அழுத்தம் 0.005 பார், அதாவது மானியில் 3 அல்லது 4 மி.மீ. இறங்கும். சோதனை நடுவில் ஏசியைப் போட்டுவிட்டு "ஒழுகுகிறது" என்று சொல்லக்கூடாது. முள் இதைவிட வேகமாக இறங்கினால் லூப்பை இரண்டாகப் பிரித்து ஒவ்வொரு பாதியையும் தனியே சோதியுங்கள். கழற்றிய ரேடியேட்டரை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி அழுத்தம் ஏற்றினால் குமிழி வரும் இடம் நேரே தெரியும்.

முள் அசையவே இல்லையென்றால், கசிவு இல்லை, ஆவிதான். அரை மணி நேரச் சோதனைக்கு ஆவியிழப்பு அகப்படாது.

ஃபிட்டிங்கை இன்னும் இறுக்கி, திரெட் சீல் சுற்றினால் போதாதா?

இரண்டும் கூடாது. வீட்டுக் குழாய் வேலைப் பழக்கம் இங்கே எதிரி. கணினி ஃபிட்டிங்கின் கால் அங்குலப் புரி நேரான புரி. தண்ணீரை மறிப்பது புரியல்ல, அடியில் உள்ள ஓ வளையம். திரெட் சீல் சுற்றினால் வளையம் தட்டையாக அமராது, பிய்ந்த துணுக்கு பம்புக்குள் போகும். ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் கால் அங்குல நிப்பிள் பெரும்பாலும் கூம்புப் புரி. பார்வைக்குப் பொருந்தும், இரண்டு சுற்று ஏறும், மூன்றாவது சுற்றில் அக்ரிலிக் பிளாக்கை ஆப்பு அடித்ததுபோல் பிளக்கும்.

வளையம் தொடும்வரை கையால் திருகி, அதற்குமேல் கால் சுற்று. அவ்வளவுதான். கசிந்தால் கழற்றி வளையத்தைப் பாருங்கள். வெட்டு, தட்டை, மணல் துகள், நாய் மயிர் ஒன்று இருந்தாலே போதும். புதிய வளையம் வாங்கப் பழையதை எடுத்துக்கொண்டு போய் வேர்னியர் வைத்து உள்விட்டமும் தடிப்பும் பொருந்துகிறதா என்று பாருங்கள். படகு எஞ்சின் பழுதுபார்க்கும் இடங்களிலும் ஓ வளையம் கேட்டுப் பார்க்கலாம். போடும்முன் சிலிக்கோன் கிறீஸ் சொட்டுப் பூசுங்கள். வஸ்லினோ எஞ்சின் கிறீஸோ பூசினால் ஈ.பி.டி.எம். வளையம் ஊதிவிடும்.

அக்ரிலிக்கை ஸ்பிரிட் கொண்டு துடைக்காதீர்கள். புரியைச் சுற்றி இறுக்கத்தில் இருக்கும் அக்ரிலிக்கில் அல்ககோல் பட்டால் மயிரிழை வெடிப்புகள் ஓடும். காரணமே தெரியாத பல கசிவுகளுக்கு இதுதான் காரணம்.

ரேடியேட்டர் ஓட்டையாகுமா?

ஆகும், பெரும்பாலும் நம் கையால். 25 மி.மீ. தடிப்பு விசிறிக்கு 30 மி.மீ. திருகாணி. தொலைந்துபோனதற்குப் பதிலாக 35 மி.மீ. ஆணியைப் போட்டால் அது நேரே நீர்க்குழாயைத் துளைக்கும். சில ரேடியேட்டர்களில் ஆணித்துளைக்கு நேரே காப்புத் தகடு இருக்கும், எல்லாவற்றிலும் இல்லை.

இரண்டாவது, கலப்பு உலோகம். அலுமினிய ரேடியேட்டரையும் செப்புப் பிளாக்கையும் ஒரே லூப்பில் பூட்டினால் அலுமினியம் உள்ளிருந்தே அரித்து ஊசித்துளை விழும். உப்புவெளி, நிலாவெளிக் கரையோர வீடுகளில் உப்புக்காற்று வெளியிலிருந்து தகடுகளைத் தின்னும். ஆனால் அதனால் நீர்க்குழாயே ஓட்டையாவதற்கு நெடுநாள் எடுக்கும். மாதமொருமுறை தூசியையும் உப்பையும் தூரிகையால் தட்டிவிட்டால் போதும்.

ஓட்டை விழுந்த ரேடியேட்டருக்குக் கார் ரேடியேட்டர் அடைப்பு மருந்து ஊற்றாதீர்கள். பிளாக்கின் வாய்க்கால்கள்தான் முதலில் அடைபடும்.

ஏசி அறையில் ரியூப் வேர்த்திருக்கிறது. அது கசிவா?

லூப் நீர் அறைக் காற்றைவிடக் குளிராது, ஆகவே ஓடும் கணினி வேர்க்காது. ஆனால் 21 பாகையில் இரவு முழுக்க ஏசி ஓடி, கணினி நின்றிருக்க, காலையில் கதவைத் திறந்து கடற்காற்றை விட்டால் ரியூப்பிலும் பெட்டிக் கண்ணாடியிலும் சேர்ந்தே பனி படியும். கண்ணாடியும் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். காயும்வரை கணினியைப் போடாதீர்கள்.

குறைந்ததற்கு எதை ஊற்ற வேண்டும்?

தண்ணீர் எப்படிப் போனது என்பதே இதைத் தீர்மானிக்கும். ஆவியாகப் போனது தண்ணீர் மட்டும். கிளைக்கோலும் அரிப்புத்தடுப்பியும் பாசிக்கொல்லியும் உள்ளேயே நிற்கின்றன. ஆகவே ஆவியிழப்புக்கு வெறும் வடிநீர். ஒவ்வொரு தடவையும் கலந்த கூலன்டையே 100 மி.லீ. வீதம் ஐந்து தடவை ஊற்றினால் 1 லீற்றர் லூப்பில் மருந்துச் செறிவு ஒன்றரை மடங்காகிவிடும். கசிவாகப் போனது எல்லாம் கலந்தது. அதற்குக் கலந்த கூலன்ட்தான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் செறிவு இறங்கிப் பாசி பிடிக்கும்.

வடிநீர் பட்டரிக் கடையிலும் பெற்றோல் ஷெட்டிலும் பட்டரித் தண்ணீர் என்று கிடைக்கும். லேபலை இருமுறை படியுங்கள்: பட்டரி அசிட்டும் ஒரே மாதிரிப் போத்தலில் பக்கத்திலேயே நிற்கும். டி.டி.எஸ். மீற்றர் (நீரில் கரைந்திருப்பவற்றின் அளவைக் காட்டுவது) இருந்தால் 0 முதல் 3 வரை காட்ட வேண்டும். ஆர்.ஓ. தண்ணீர் குடிக்க நல்லது, லூப்புக்குப் போதாது. கரையோரக் கிணற்றுத் தண்ணீரின் உவர் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏசியிலிருந்து வடியும் தண்ணீர் சுத்தமாகத் தோன்றும். அதில் உலோகத் துகளும் பூஞ்சணமும் இருக்கும்.

கார் கூலன்ட் ஊற்றலாமா?

அரிப்பைத் தடுக்கும், உண்மை. ஆனால் பெரும்பாலானவை எதிலீன் கிளைக்கோல், இனிக்கும் நஞ்சு. சிந்தியதைப் பூனையோ நாயோ நக்கினால் செத்துப்போகும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

என்னுடையது ஏ.ஐ.ஓ. அதற்குள் குறைந்தது எப்படித் தெரியும்?

கோடு பார்க்கத் தாங்கி இல்லை, காதால்தான் பார்க்க வேண்டும். கணினியைப் போடும்போது கொப்பளிக்கும் சத்தம் சில நொடிகளைத் தாண்டி நீடித்தால் உள்ளே காற்று கூடிவிட்டது. ரேடியேட்டரின் ஒரு முனையாவது பம்பைவிட உயரமாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் காற்று பம்புக்குள் போய் நிற்கும். இடத்தை மாற்றினால் பல வேளை இன்னும் சில காலம் ஓடும். நிரப்புத்துளை இல்லாததைத் திறந்தால் உத்தரவாதம் போகும். உத்தரவாதக் காலத்துக்குள் என்றால் பற்றுச்சீட்டோடு கடைக்குக் கொண்டுபோங்கள்.

மதர்போர்ட் நனைந்துவிட்டது. உடனே என்ன செய்வது?

சுவர் சுவிட்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றுங்கள். பவர் சப்ளை பெட்டியின் அடியில் இருந்தால் அதன்மேல் வடிந்ததா என்று முதலில் பாருங்கள். நனைந்திருந்தால் அதைத் திரும்பப் பாவிக்காமல் திறமையானவரிடம் கொடுங்கள். மதர்போர்ட்டின் நாணய பட்டரியைக் கழற்றுங்கள், அது இருக்கும்வரை போர்ட்டில் மின்சாரம் உண்டு. டிசுவால் ஒற்றியெடுங்கள், தேய்க்க வேண்டாம். காய்ந்த கூலன்ட் மின்சாரத்தைக் கடத்தும் பசையாக நிற்கும், ஆகவே அந்த இடத்தை வடிநீரால் கழுவி, பிறகு 99 சதவீத ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடையுங்கள். அக்ரிலிக் பிளாக்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேசை விசிறிக்கு முன்னால் 24 மணி நேரம், மாரி மழைக்காலம் என்றால் 48. முற்றத்து வெயிலில் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் வளையும்.

ஒரு மாதம் வெளியூர் போகிறேன். லூப்பை வடித்துவிட்டுப் போகவா?

தேவையில்லை. நின்ற கணினியில் நீர் அறைச் சூட்டில்தான் இருக்கும், ஆவியிழப்பு மிகக் குறைவு. கோட்டுக்கு நிரப்பி, திகதி எழுதி, சுவரில் பிளக்கைக் கழற்றிவிட்டுப் போங்கள். திரும்பி வந்து கோட்டைப் பாருங்கள். தாங்கியின் அடித்துளையைவிட இரண்டு விரல் உயரத்துக்காவது தண்ணீர் இருந்தால் ஓட்டலாம். அதற்குக் கீழே போனால் பம்ப் காற்றை இழுக்கும். டி5 வகைப் பம்பின் பெயாரிங்குக்கு அந்தத் தண்ணீர்தான் எண்ணெய், அது வரண்டு ஓடினால் சில நிமிடத்தில் தேயும். முதலில் பவர் சப்ளையின் 24 ஊசிக் கனெக்டரை மதர்போர்ட்டிலிருந்து கழற்றி, அதற்கு மதர்போர்ட் இல்லாமல் பவர் சப்ளையை ஓடவைக்கும் இணைப்புத் துண்டு போட்டு, பம்பை மட்டும் பத்து நிமிடம் ஓட்டுங்கள். ஃபிட்டிங்குகளில் டிசு சுற்றியிருக்கட்டும். காய்ந்தே இருந்தால் கனெக்டரை மதர்போர்ட்டில் பூட்டலாம்.